பழுப்பேறிய மேக் எஸ்இ: சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டில் வெளுக்க வழி உண்டா?

தெம்பனிஸ்_தம்பி · சனி, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். என் தாய்மாமா சிராங்கூன் ரோட்டுப் பக்கம் சின்ன அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், இந்த மாதிரி வேலைகள். அண்மையில் கடையை மூடிவிட்டார். சாமான்களைக் காராங்குனிக்காரர் (பழைய சாமான் வாங்குபவர்) அள்ளிக்கொண்டு போகும்போது, "இதை மட்டும் நீ கொண்டுபோ" என்று ஆப்பிளின் பழைய மேக்கிண்டோஷ் எஸ்இ கணினி ஒன்றை என் கையில் கொடுத்தார். சுவிட்சைப் போட்டால் பீப் சத்தம் வருகிறது, திரையும் எரிகிறது. வட்டுப் படத்தின் நடுவே கேள்விக்குறி மின்னுவதோடு நின்றுவிடுகிறது.

இப்போது எனக்கு உறுத்துவது நிறம்தான். முழுப் பெட்டியும் பழுப்பு. வலப்பக்கம் ரொம்ப மோசம், கடையில் அந்தப் பக்கம்தான் ஜன்னலாம். பக்கவாட்டில் ஒட்டியிருந்த நாட்காட்டி ஸ்டிக்கரை உரித்தேன், அடியில் அளவெடுத்து வெட்டியதுபோல வெளிர் சாம்பல் சதுரம் ஒன்று தெரிகிறது. அதுதான் அசல் நிறமா?

விசைப்பலகையில் ஸ்பேஸ் பார் மட்டும் கடும் மஞ்சள். மற்ற விசைகள் பரவாயில்லை. விசைகள்மேல் மாமா தமிழ் எழுத்துகளை அச்சடித்து, கத்தரித்து, மேலே செலோடேப் ஒட்டி வைத்திருக்கிறார்.

பழுத்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெராக்சைடால் வெளுக்கும் 'ரெட்ரோபிரைட்' முறையின் காணொளிகள் பார்த்தேன். எல்லாரும் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் வெயிலில் வைக்கிறார்கள். எனக்கு இருப்பது எட்டாவது மாடியில் ஒரு காரிடார். என்ன செய்யலாம்?

ஈசூன்_மாடி · சனி, இரவு 9:31

ரொம்ப யோசிக்காதே பிரதர். முடிக்குச் சாயம் போடும் சாமான் விற்கும் கடையில் 40 வால்யூம் பெராக்சைடு கிரீம் கிடைக்கும். தடவு, கிளிங் ஃபிலிம் சுற்று, வெயிலில் வை. நான் ஒரு மவுஸுக்கு அப்படித்தான் செய்தேன். பளிச்.

பழையபெட்டி · சனி, இரவு 10:20

மவுஸ் உள்ளங்கை அளவு. மேக் பெட்டி அப்படியில்லை. ஈசூன் சொன்ன கிரீம் முறையில் வெளுத்த ஒரு எஸ்இயை விலைக்கு வந்தபோது கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் அழகு. விளக்கடியில் சாய்த்துப் பார்த்தால் பிளாஸ்டிக் தாள் சுருங்கிய இடமெல்லாம் வெள்ளைக் கோடு, கிரீம் காய்ந்த இடமெல்லாம் மேகம்போலத் திட்டு. மஞ்சளையாவது எடுக்கலாம் தம்பி. அந்தத் திட்டை எடுக்க முடியாது.

அதற்கு முன்னால் வேறு வேலை இருக்கிறது. நிறத்தைப் பிறகு பார்ப்போம், முதலில் பெட்டியைத் திற. எஸ்இ மதர்போர்டில் 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று உண்டு, அரை ஏஏ அளவு. சில போர்டுகளில் ஹோல்டரில் இருக்கும், சிலவற்றில் பற்றவைத்தே இருக்கும். 1987-ல் வந்த மாடல் இது. பேட்டரி பழசாக இருந்தால் கசிந்து போர்டைத் தின்றுவிடும். உன் பெட்டி இன்னும் பீப் போடுகிறது என்றால் அதிர்ஷ்டம், அதை இன்றே கழற்று. பெட்டி மஞ்சளாகவே இன்னும் பத்து வருஷம் இருக்கலாம், குடி முழுகிப் போகாது.

திறக்க டி15 டார்க்ஸ் ஸ்க்ரூடிரைவர் வேண்டும், அதுவும் நீளமான தண்டு உள்ளது. கைப்பிடிக் குழிக்குள் இரண்டு திருகு மிக ஆழத்தில் இருக்கும், சாதாரணமானது எட்டாது. உள்ளே பிக்சர் டியூப் இருக்கிறது, மின்சாரம் எடுத்த பிறகும் அதில் உயர் அழுத்த மின்னூட்டம் தங்கியிருக்கலாம். டியூப் கழுத்து மெல்லிய கண்ணாடி, கை இடித்தால் போச்சு. சிஆர்டி டிவி ரிப்பேர் தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது திற.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், ஸ்டிக்கருக்கு அடியில் இருப்பதுதான் அசல் நிறம். எஸ்இ வெளிர் சாம்பல், ஆப்பிள் அதை பிளாட்டினம் என்று அழைத்தது. பெட்டியைத் திறந்தபின் உள்பக்கத்தையும் பார். வெளிச்சம் படாததால் கிட்டத்தட்ட ஆலையிலிருந்து வந்த நிறத்திலேயே இருக்கும். வேலை முழுக்க உனக்கு அளவுகோல் அதுதான்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 1984-ல் வந்த முதல் மேக்கும், ஆப்பிள் டூ பெட்டிகளில் பெரும்பாலானவையும் பிறப்பிலேயே பழுப்பு கலந்த நிறம். காமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியும் அப்படித்தான். அதைக் கொண்டுவந்து "வெள்ளையாகவே மாட்டேன் என்கிறது" என்று வெளுத்துத் தள்ளிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். இல்லாத வெள்ளையை எங்கிருந்து கொண்டுவருவது?

மெருகுவேண்டாம் · ஞாயிறு, காலை 7:45

கேட்கக் கூடாத கேள்வி ஒன்று கேட்கிறேன். ஏன் வெளுக்க வேண்டும்?

ஓர் அச்சகத்தில் வருஷக்கணக்காக ஓடிய இயந்திரம். ஜன்னல் பக்கம் அதிகம் பழுத்திருக்கிறது என்றால் அது எங்கே வைக்கப்பட்டிருந்தது என்ற சாட்சி. அதைப் பெராக்சைடில் போட்டு எடுத்தால் கரோசெல் விற்பனைத் தளத்தில் கிடக்கும் இன்னொரு வெள்ளைப் பெட்டி ஆகிவிடும். பழம்பொருள் பாதுகாப்பாளர்கள் இந்த வேலையைப் பொதுவாக விரும்புவதில்லை. திரும்பப் பெற முடியாத ரசாயன மாற்றம், பிளாஸ்டிக்கின் மேற்பரப்பும் பாதிக்கலாம் என்பார்கள். ஈரத்துணியால் துடைத்து வைத்தால் போதாதா?

ஈசூன்_மாடி · ஞாயிறு, காலை 8:02

துடைத்தால் மஞ்சள் போகாதே அண்ணே. 😅

ரசாயனக்காரி · ஞாயிறு, காலை 11:30

நான் ஆய்வகத்தில் வேலை செய்பவள், பிளாஸ்டிக் என் துறை இல்லை. ஆனால் பெராக்சைடு தினமும் கையில் படுகிற சாமான், அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். அக்ரிலோநைட்ரில், பியூட்டாடையீன், ஸ்டைரீன் மூன்றும் சேர்ந்தது. பியூட்டாடையீன் ரப்பர் மாதிரி, பெட்டி விழுந்தால் உடையாமல் தாங்குவது அதனால்தான். அதில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகள்தான் பலவீனமான இடமும். புற ஊதா ஒளியும் வெப்பமும் பட்டால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே போய் ஒட்டுகிறது. அதன் விளைவாகப் பிறக்கும் சேர்மங்கள் நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன. நீலம் போனால் மிச்சம் நம் கண்ணுக்கு மஞ்சள். இதெல்லாம் மேல்தோலில் மட்டும் நடப்பது, உள்ளே ஆழமாகப் போவதில்லை.

இணையத்தில் எங்கே பார்த்தாலும் "தீத்தடுப்புக்காகச் சேர்த்த புரோமின்தான் காரணம்" என்று எழுதியிருக்கும். 2008 வாக்கில் பரவிய விளக்கம் அது. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. லெகோ கட்டிகளும் ஏபிஎஸ்தான், அவையும் மஞ்சளாகின்றன. குழந்தைகள் விளையாட்டுச் சாமானில் தீத்தடுப்பு மருந்து எதற்கு? பழைய சூப்பர் நின்டெண்டோ வீடியோ கேம் பெட்டிகளில் மேல்பாதி மஞ்சளாகி, கீழ்ப்பாதி அப்படியே சாம்பலாக இருப்பதையும் பார்த்திருப்பீர்கள். ஒரே வீடு, ஒரே அலமாரி, ஒரே வெளிச்சம். அப்படியானால் வித்தியாசம் அந்தந்தத் தொகுதி பிளாஸ்டிக்கின் கலவையில். புரோமினுக்குப் பங்கு இருக்கலாம், ஆனால் குற்றவாளி அது ஒன்றே என்று சொல்ல முடியாது.

மெருகுவேண்டாம் ஐயா சொன்னதில் ஒரு பாதி சரி. பெராக்சைடும் ஓர் ஆக்சிஜனேற்றிதான். மஞ்சள் நிறம் தரும் சேர்மங்களை அது உடைக்கிறது, நிறம் போகிறது. ஆனால் உடைந்த பியூட்டாடையீன் சங்கிலி திரும்ப ஒட்டாது. நொறுங்கும் தன்மை வந்த பிளாஸ்டிக் வெள்ளையான பிறகும் நொறுங்கும். சில வருஷத்தில் மஞ்சள் திரும்பி வருவதாகச் சொல்பவர்களும் நிறையப் பேர்.

அமிகா_பித்தன் · ஞாயிறு, பிற்பகல் 2:15

அக்கா சொன்ன 2008 கதையைக் கொஞ்சம் நீட்டுகிறேன். அந்த வருஷத் தொடக்கத்தில் ஜெர்மனியில் பழைய காமடோர் கணினி சேகரிப்பவர்கள் சிலர் பாகங்களைப் பெராக்சைடில் சில நாள் ஊறப்போட்டு வெளுப்பு வருவதைக் கண்டார்கள். அது காமடோரின் இன்னொரு கணினியான அமிகாவின் ரசிகர் குழுக்களுக்குப் பரவி, ஆளாளுக்குச் சோதித்து, துணி துவைக்கும் 'ஆக்ஸி' பவுடர் கொஞ்சம், கெட்டியாக்க சாந்தன் கம், புற ஊதா ஒளி என்று ஒரு செய்முறையாகத் தேறியது. ரெட்ரோபிரைட் என்ற பெயர் அப்போது வந்ததுதான். காப்புரிமை எதுவும் எடுக்காமல் எல்லாருக்கும் இலவசமாக விட்டார்கள்.

இப்போது பவுடர் தேவையில்லை என்றே பலரும் சொல்கிறார்கள். இன்னும் ஒன்று: பெராக்சைடே இல்லாமல் வெறும் வெயிலில் வைத்தாலும் சில பெட்டிகள் வெளுக்கின்றன. என் அமிகா 500 மேல்மூடிக்கு அப்படித்தான் நடந்தது. மஞ்சளாக்கியதும் வெயில், வெளுத்ததும் வெயில். இது எப்படி அக்கா?

ரசாயனக்காரி · ஞாயிறு, மாலை 4:40

வெயில் என்பது ஒரே ஒளி இல்லை. புற ஊதாப் பகுதி புதுச் சேதத்தைத் தொடங்கிவைக்கிறது. ஏற்கெனவே உண்டான மஞ்சள் சேர்மங்கள் நீல, ஊதா ஒளியை விழுங்கி அதனாலேயே உடையவும் செய்யும். எது முந்துகிறது என்பது பிளாஸ்டிக்கைப் பொறுத்தது. உங்கள் அமிகாவுக்கு நல்ல பக்கம் விழுந்திருக்கிறது. இன்னொருவர் வைத்தால் இன்னும் பழுக்கலாம். வெளியே தெரியாத ஒரு சின்னப் பாகத்தை வைத்துப் பார்க்காமல் யாரும் முழுப் பெட்டியை வைக்காதீர்கள்.

தெம்பனிஸ்_தம்பி · ஞாயிறு, இரவு 8:05

அக்காவுக்கும் அண்ணன்களுக்கும் நன்றி. பேட்டரியைக் கழற்றியாச்சு, மாமாவுக்குத் தெரிந்த டிவி ரிப்பேர்காரர் வந்து திறந்து கொடுத்தார். கசியவில்லை. உள்பக்கம் பார்த்தேன், பழையபெட்டி அண்ணன் சொன்ன மாதிரி சுத்தச் சாம்பல். பார்த்ததும் ஆசை அதிகமாகிவிட்டது, மெருகுவேண்டாம் ஐயா மன்னிக்க.

வெயில் எனக்கு எப்படிக் கிடைக்கும்? எங்கள் காரிடார் தெற்குப் பார்த்தது. கீழே புல்வெளியில் வைக்கலாமா?

பழையபெட்டி · ஞாயிறு, இரவு 9:50

சிங்கப்பூரில் வெயிலுக்கு என்ன பஞ்சம் என்று எல்லாரும் நினைக்கிறோம். இந்த வேலைக்கு இறங்கினால்தான் தெரியும், நம் வெயில் எவ்வளவு ஏடாகூடமானது என்று.

நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 1.3 டிகிரி வடக்கே. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். தெற்குப் பார்த்த காரிடாரில் அந்த ஆறு மாதமும் நடுப்பகலில் நேர் வெயில் விழாது. மிச்ச ஆறு மாதம் விழும், ஆனால் டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவமழைக் காலம். கிழக்கோ மேற்கோ பார்த்த வீடு என்றால் காலை அல்லது மாலைச் சாய்வு வெயில் கிடைக்கும், அதில் புற ஊதா குறைவு.

உச்சி வெயில் வலுவானதுதான். புற ஊதாக் குறியீட்டை தேசியச் சுற்றுப்புற வாரியம் பகலில் மணிக்கு மணி வெளியிடுகிறது, தெளிந்த நாளில் 8-ஐத் தாண்டுவது இங்கே சாதாரணம். அதுவும் 12 மணிக்கு உச்சம் என்று நினைக்காதே. 1982-ல் மலேசியாவோடு சேர்ந்து கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதில், நம் சூரியன் தலைக்கு மேல் வருவது 1 மணி வாக்கில்தான். ஒரு மணிக்கு உச்சம் தொட்டால் இரண்டு, மூன்று மணிக்கு இடி இடிக்கும். ஆக நம்பி வைக்கக்கூடியது நாளுக்கு மூன்று, நான்கு மணி நேரம்.

சரி, திறந்த வெளியில் வைத்தாய் என்றே வைத்துக்கொள். வெயில் செங்குத்தாக விழுகிறது, மேக்கின் மூன்று பக்கம் செங்குத்துச் சுவர். மேல்பக்கம் முழு வெயிலையும் வாங்கும், சுவருக்கு ஓரக் கண் பார்வைதான். லண்டனில் சாய்ந்து வரும் வெயிலுக்குச் செய்த காணொளியைப் பார்த்து இங்கே செய்தால் தலை வெளுத்து உடம்பு பழுத்த பெட்டிதான் மிஞ்சும். திருப்பித் திருப்பிப் படுக்கப்போட்டுச் செய்யலாம், செய்பவர்கள் இருக்கிறார்கள். நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், எட்டாவது மாடியிலிருந்து கீழே புல்வெளியைக் காவல் காக்க முடியாது. யாராவது குழந்தை வந்து தொட்டால் அது பெராக்சைடு.

நெறியாளர் · ஞாயிறு, இரவு 10:03

காரிடார் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். பொதுத் தாழ்வாரத்தில் நடப்பதற்கு 1.2 மீட்டராவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதி. ரசாயனத் தொட்டியை அங்கே வைத்து நகரமன்றத்திலிருந்து கடிதம் வாங்காதீர்கள். சுவர் விளிம்பிலும் துணி காயப்போடும் கம்பிலும் பெட்டியைத் தொங்கவிடும் யோசனை யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். உயரத்திலிருந்து ஒரு பொருள் விழுந்தால் அது போலீஸ் வழக்கு.

ஈசூன்_மாடி · ஞாயிறு, இரவு 10:11

அப்போ காருக்குள்? பகலில் கண்ணாடி ஏற்றி நிறுத்தினால் உள்ளே அடுப்புதான்.

ரசாயனக்காரி · ஞாயிறு, இரவு 10:25

வேண்டவே வேண்டாம் தம்பி. பெராக்சைடு சூடானால் ஆக்சிஜன் விடும். மூடிய டப்பா உப்பி வெடிக்கும். சீட்டில் சிந்தினால் நிறம் போய்விடும், எளிதில் தீப்பிடிக்கும் பொருளோடு சேர்ந்தால் அதைவிடப் பெரிய வம்பு.

பழையபெட்டி · திங்கள், இரவு 9:20

வெயிலை விட்டுவிடுவோம். பெராக்சைடை முடுக்கிவிட ஒளிதான் வேண்டும் என்பதில்லை, வெப்பமும் அந்த வேலையைச் செய்கிறது. இருட்டில், குளியலறையில், வெந்நீரில் செய்யும் முறை நம் அடுக்குமாடி வாழ்க்கைக்கென்றே வந்தது. நான் இப்போது இதைத்தான் செய்கிறேன்.

வெளித்தொட்டி: பெரிய பிளாஸ்டிக் சாமான் பெட்டி, மேக் பின்மூடி முழுகும் அளவு. குளியலறைத் தரையிலேயே வை, நிறைந்தபின் தூக்க நினைக்காதே, 60 லிட்டர் தண்ணீர் என்றால் 60 கிலோ. அதில் வெறும் தண்ணீர்தான். இறைச்சியை வெந்நீரில் பதமாக வேகவைக்கும் சூ வீட் கருவி இருக்கிறதே, அதை ஓரத்தில் மாட்டி 55 டிகிரிக்கு வை. 60-க்கு மேல் போகாதே. ஏபிஎஸ் இளகும் வெப்பநிலை 100-ஐ ஒட்டித்தான் என்றாலும், அச்சில் வார்த்தபோது உள்ளே தங்கிய இழுவிசை அதற்கு வெகு முன்பே பெட்டியைக் கோணலாக்கிவிடும். மீன் தொட்டி ஹீட்டர் போதாது, அது முப்பத்துச் சொச்சத்திலேயே நின்றுவிடும்.

உள்ளே: தடித்த, ஓட்டையில்லாத பெரிய பிளாஸ்டிக் பை. அதற்குள் பின்மூடி, அதற்குள் பெராக்சைடுக் கரைசல். பையைத் தொட்டிக்குள் இறக்கினால் வெளித் தண்ணீரின் அழுத்தம் பையை மூடியோடு ஒட்டிப் பிடிக்கும், கரைசல் மேலேறி எல்லாப் பக்கமும் பரவும். முப்பது நாற்பது லிட்டர் பெராக்சைடு வாங்கவேண்டிய இடத்தில் சில லிட்டரில் வேலை முடிந்துவிடும். பையின் வாயைக் கட்டாதே, மேலே தூக்கிக் கிளிப் போட்டு லேசாகத் திறந்தே வை, வாயு போகவேண்டும். பை ஒட்டிய இடத்தில் கரைசல் குறையும் என்பதால் அவ்வப்போது கையால் அசக்கிவிடு. பெட்டிமேல் முத்துமுத்தாகக் குமிழி பிடிக்கும். அதைத் தடவி விடாமல் விட்டால் ஒவ்வொரு குமிழியும் ஒரு புள்ளியாகப் பதிந்துவிடும்.

செறிவு 3 சதவீதம் போதும். முடி அலங்காரக் கடையில் கிடைப்பதில் 40 வால்யூம் என்றால் 12 சதவீதம், 20 வால்யூம் என்றால் 6. கிரீமாக இல்லாமல் தண்ணீராக இருப்பதைக் கேட்டு வாங்கு. 12-ல் ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் தண்ணீர். மருந்துக் கடை 3 சதவீதத்தையே வாங்கினாலும் சரி, சின்னச் சின்னப் புட்டியாகச் சேர்த்தால் காசு கூடும். ஆன்லைனில் 35 சதவீதம் தேடிப் போகாதே. அந்தச் செறிவெல்லாம் இங்கே வெடிபொருள் தயாரிக்க உதவும் ரசாயனப் பட்டியலில் வரும், போலீஸ் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது.

போடுமுன் திருகு, ஸ்பிரிங், இரும்புத் துண்டு, ரப்பர் கால் எல்லாவற்றையும் கழற்று. உலோகம் பெராக்சைடைச் சிதைக்கும், துரு கறையாகப் படியும். சில பெட்டிகளுக்கு உள்பக்கம் உலோகப் பூச்சோ தகடோ இருக்கும், உன்னுடையதில் இருந்தால் முதலில் படம் எடுத்து இங்கே போடு. பின்னால் ஒட்டியிருக்கும் வரிசை எண் லேபிள், முன்னால் இருக்கும் வண்ண ஆப்பிள் சின்னம் எல்லாம் கழன்றால் கழற்று. கழலாத லேபிள் ஊறினால் போயே போச்சு. பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு முழுசாகக் கழுவி எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் செய். உன் மாமா கடையில் அச்சு மை இருந்திருக்கும், விரல் ரேகை பட்ட இடமெல்லாம் பிசுக்குதான். அங்கே வெளுக்காது.

சில மணிக்கு ஒருமுறை எடுத்து, கழுவி, உள்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார். ஒரு ராத்திரியில் முடியலாம், ஒரு முழு நாளும் ஆகலாம். இன்னும் கொஞ்சம் வைத்தால் இன்னும் வெள்ளையாகும் என்று தோன்றும் பார், அங்கேதான் நிறுத்தவேண்டும். அதிகம் போனால் மேற்பரப்பு பொடி பூத்து மங்கும்.

ரசாயனக்காரி · திங்கள், இரவு 9:48

கையுறை நைட்ரில், கண்ணுக்குப் பக்கமும் மறைக்கிற கண்ணாடி. 12 சதவீதம் விரலில் பட்டால் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் குத்தும். குளியலறையில் எக்ஸாஸ்ட் ஓடட்டும். கழிவறை கழுவும் குளோரின் பிளீச்சையோ வினிகரையோ இதோடு சேர்க்காதீர்கள், "இன்னும் நன்றாக வெளுக்கும்" என்று யார் சொன்னாலும். குளோரின் பிளீச் தனியாகவும் வேண்டாம், மஞ்சளை மோசமாக்கும்.

அமிகா_பித்தன் · திங்கள், இரவு 10:30

ஸ்பேஸ் பார் விஷயம் யாரும் தொடவில்லையே. அந்தக் காலத்து நல்ல விசைப்பலகைகள் பலவற்றில் விசைத்தொப்பி பிபிடி பிளாஸ்டிக். அது மஞ்சளாவது அரிது. நீளமான ஸ்பேஸ் பாரைப் பிபிடியில் வார்த்தால் வளைந்துவிடும் என்று அதை மட்டும் ஏபிஎஸ்ஸில் செய்வார்கள். அதனால்தான் அது தனியாகப் பழுத்து நிற்கிறது. கழற்றும்போது அடியில் ஒரு கம்பி மாட்டியிருக்கும், நெம்பினால் கொக்கி ஒடியும். மெதுவாக.

தெம்பனிஸ்_தம்பி · செவ்வாய், இரவு 8:40

தமிழ் எழுத்து ஒட்டிய விசைகளைத் தொடாமல் ஸ்பேஸ் பாரை மட்டும் போடப்போகிறேன். இல்லை, எழுத்துகளையும் உரித்துவிட்டு முழுசாகச் சுத்தம் செய்யலாமா? செலோடேப் பசை மஞ்சளாகிப் பிசுபிசுக்கிறது, ஓரமெல்லாம் தூசி அப்பியிருக்கிறது. பார்க்க நன்றாக இல்லை.

மெருகுவேண்டாம் · செவ்வாய், இரவு 8:52

தம்பி, பெட்டியை என்னவோ செய்துகொள். இந்த எழுத்துகளில் கை வைக்காதே.

1995-ல் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்கே இணையத்தில் தமிழ்ப் பக்கம் கொண்டுவந்தார், 1997-ல் கணினித் தமிழுக்கான தமிழ்நெட் மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. அதெல்லாம் ஏட்டில் இருக்கிறது. அதே காலத்தில் சிராங்கூன் ரோட்டில் ஓர் அச்சகக்காரர் எந்த விசையில் எந்த எழுத்து என்று மனப்பாடம் ஆகும்வரை காகிதம் வெட்டி ஒட்டி வேலை செய்தது எந்த ஏட்டில் இருக்கிறது? அந்தப் பலகையில் மட்டும்தான். மாமாவிடம் கேட்டுப் பார், எந்த எழுத்துரு, அதற்கு எந்த விசை வரிசை என்று. ஒவ்வொரு விசையையும் கிட்டத்தில் வைத்துப் படம் எடு. எனக்கும் அனுப்பு.

பழையபெட்டி · செவ்வாய், இரவு 9:30

இதில் நான் இவர் கட்சி. மேக் எஸ்இ பெட்டி தேடினால் கிடைக்கும். சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடியபிறகு மலிவாகக் கிடைப்பதில்லை, ஆனால் கிடைக்கும். இப்படி ஒரு விசைப்பலகை கிடைக்காது.

பிசுக்கைப் பற்றிக் கவலை என்றால், பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் துளியாகத் தொட்டு, டேப்புக்கு வெளியே வழிந்த பசையை மட்டும் எடு. டேப்புக்கு அடியில் இறங்கினால் மை கலங்கும். மிச்சத்தை விட்டுவிடு.

தெம்பனிஸ்_தம்பி · ஞாயிறு, மாலை 5:55

பின்மூடி முடிந்தது. உள்பக்கத்தில் உலோகப் பூச்சு இல்லை, படம் போட்டேனே, பழையபெட்டி அண்ணன் பார்த்துச் சரி சொன்னபிறகுதான் இறக்கினேன். வெள்ளி இரவு போட்டது, சனி மாலை எடுத்தேன். இடப்பக்கமும் மேல்பக்கமும் உள்பக்க நிறத்துக்கு வந்துவிட்டன. ஜன்னல் பக்கம் இருந்த வலப்பக்கச் சுவர் இன்னும் ஒரு சாயல் மஞ்சள், நேராகப் பார்த்தால் தெரியாது, பக்கத்தில் வெள்ளைத் தாளை வைத்தால் தெரிகிறது. மறுபடி போடலாமா என்று கை அரிக்கிறது. நாட்காட்டி ஸ்டிக்கர் ஒட்டிய சதுரம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது, சாய்வு வெளிச்சத்தில் ஒரு மூலை மட்டும் தெரிகிறது.

ஸ்பேஸ் பாரைச் சின்னப் பையில் போட்டு அதே தொட்டியில் இறக்கினேன், அது மூடிக்கு முன்பே வெளுத்துவிட்டது. வீட்டில் அம்மாவுக்குத்தான் கோபம், இரண்டு நாள் அந்தக் குளியலறையைத் தொடவிடவில்லை என்று.

மாமாவிடம் விசை வரிசை கேட்டேன். "நானே வைத்ததுதான்" என்கிறார். படங்களை மெருகுவேண்டாம் ஐயாவுக்குத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

பழையபெட்டி · ஞாயிறு, மாலை 6:30

வலப்பக்கத்தை அப்படியே விடு. மறுபடி முழுசாகப் போட்டால் மற்ற பக்கங்கள் எல்லை தாண்டிவிடும். அந்தச் சுவரை மட்டும் தனியாகச் செய்ய வழியில்லை, கரைசலில் பாதி முழுக வைத்தால் நீர்மட்டத்தில் கோடு விழும். முன்பக்கத்தைச் செய்யும்போதும் இந்த மூடியின் இன்றைய நிறத்தோடு ஒப்பிட்டு நிறுத்து, வெள்ளைத் தாளோடு ஒப்பிடாதே.

அலமாரியில் வைக்கும்போது ஜன்னலுக்கு எதிரே வேண்டாம். பொருள் அறையில் மூட்டை கட்டிப் போடுவதும் வேண்டாம், இருட்டிலும் சூட்டில் மஞ்சளாகும்.

ஈசூன்_மாடி · ஞாயிறு, மாலை 6:41

மிச்சம் இருக்கிற கரைசலை என்ன செய்வது? என் கீபோர்டுக்குக் கொடுத்துவிடேன், நான் தெம்பனிஸ் வருகிறேன்.

ரசாயனக்காரி · ஞாயிறு, இரவு 7:15

பயன்படுத்திய கரைசலைப் புட்டியில் அடைத்து எம்ஆர்டி ரயிலில் தூக்கிக்கொண்டு வராதே தம்பி. ஒரு நாள் சூடாக இருந்ததில் பாதிக்குமேல் வீரியம் போயிருக்கும், அழுக்கும் கலந்திருக்கும், அடைத்த புட்டி உப்பும். நிறையத் தண்ணீர் விட்டுக் குழியில் ஊற்றிவிடலாம், தண்ணீரும் ஆக்சிஜனுமாகத்தான் பிரியும். உனக்கு வேண்டுமானால் புதிது வாங்கு.

தெம்பனிஸ்_தம்பி · ஞாயிறு, இரவு 7:20

முன்பக்கம் அடுத்த சனிக்கிழமை. அந்தக் கேள்விக்குறி இன்னும் மின்னிக்கொண்டுதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் வன்வட்டை லேசாகத் தட்டினால் சுற்றும் என்கிறார்களே?

நெறியாளர் · ஞாயிறு, இரவு 7:32

தட்டாதீர்கள். அதற்குள் மாமாவின் கோப்புகள் இருக்கலாம். வட்டுக்குத் தனி இழை திறந்து, வட்டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளின் படத்தோடு போடுங்கள். இங்கே பிளாஸ்டிக் மட்டும்.